உஷார்! டீசலும் உறையும், டேங்குக்கு அடியில் தீ மூட்டாதீர்கள்

மார்கழி பிறந்தாச்சு. புதுமடம், உச்சிப்புளி, மண்டபம் பக்கமிருந்து வடக்கே லோடு அடிக்கிற டிரைவர் தம்பிகளும், முதல் தடவையாகக் கிளீனராக ஏறப்போகிற பையன்களும், அவர்களை அனுப்பி வைக்கிற ஓனர்களும் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். காஷ்மீர், லடாக், இமாச்சல் பக்கம் குளிரில் வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஒரு நாள் வீணாகும், அவ்வளவுதான். அதை எப்படியாவது ஸ்டார்ட் செய்துவிடவேண்டும் என்று அவசரத்தில் இறங்கும் வேலைகளில்தான் கை கால் கருகுகிறது, உயிர் போகிறது.

நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் வெயில். ரேடியேட்டர் கொதிப்பது, டயர் சூடேறி வெடிப்பது, இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சமாளிப்பார்கள். மன்னார் வளைகுடாக் காற்றில் வளர்ந்தவனுக்கு மார்கழி விடியற்காலையில் 23 டிகிரி என்றாலே போர்வை வேண்டும். அவன் மதுரையில் 44ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் அதே சாலை சுமார் 3,500 கிலோமீட்டர் தாண்டி ஸ்ரீநகரில் கொண்டுபோய் விடுகிறது. 2024 டிசம்பர் 21 விடியும் இரவில் ஸ்ரீநகரில் மைனஸ் 8.5 டிகிரி, ஐம்பது ஆண்டுகளில் டிசம்பர் மாதம் அங்கே அப்படி ஓர் இரவு வந்ததில்லை. அந்த டிசம்பர் 21இல்தான் காஷ்மீரிகள் 'சில்லை கலான்' என்று சொல்லும் நாற்பது நாள் கொடுங்குளிர் ஆண்டுதோறும் தொடங்குகிறது. நமக்கு மார்கழி முதல் வாரத்திலிருந்து தை பாதி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அப்பால், சோஜிலா கணவாயைத் தாண்டிய திராஸில், மைனஸ் 20 என்பது குளிர்காலத்தில் சாதாரணம்.

முதல் கண்டம் டீசல். டீசலில் மெழுகு கலந்தே இருக்கிறது. அதை யாரும் சேர்ப்பதில்லை. கச்சா எண்ணெயோடு வருவது. சூட்டில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். மார்கழியில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் முதலில் கலங்கலாகி, அப்புறம் வெள்ளையாகக் கட்டிப் போகிறதே, அதே கதைதான் டேங்குக்குள்ளும். ஆனால் டேங்க் முழுக்க உறைய வேண்டியதில்லை. மெழுகுத் துணுக்குகள் மிதக்க ஆரம்பித்தாலே போதும், ஃபில்டரை அடைத்துவிடும். அப்போது ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே காகித மடிப்புகள் மேல் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு கொழுப்புப் படலம் அப்பியிருக்கும். விரலில் எடுத்துத் தேய்த்தால் மெழுகு போலவே வழுக்கும்.

இந்தியத் தர நிர்ணயத்தில் இதற்கு ஓர் எல்லை போட்டிருக்கிறார்கள். டீசல் ஃபில்டரை அடைக்கத் தொடங்கும் வெப்பநிலை கோடைக்கால டீசலுக்கு அதிகபட்சம் 18 டிகிரி, குளிர்கால டீசலுக்கு அதிகபட்சம் 6 டிகிரி. பம்பில் வருவது பெரும்பாலும் இந்த எல்லையைவிட நன்றாகவே இருக்கும். ஆனாலும் அந்த எண் எழுதப்பட்டது சமவெளிக்கு. மைனஸ் 10க்கும் மைனஸ் 20க்கும் அது உத்தரவாதம் இல்லை. அதனால்தான் 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கென்றே தனியாகக் குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. பானிப்பட் சுத்திகரிப்பு ஆலையில் தயாராகும் அந்த டீசல் மைனஸ் 33 டிகிரி வரை உறையாமல் ஓடும்.

ஆகவே கடைசியாக எந்த ஊரில் டேங்கை நிரப்பினோம் என்பதை வைத்துத்தான் மறுநாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆவதும் ஆகாததும். உச்சிப்புளியில் நிரப்பிய டீசல் நாக்பூருக்குள் தீர்ந்துவிடும், சரி. ஜம்முவில் இதமான வெயிலில் நின்று டேங்கை முட்ட நிரப்பி, அன்று மாலையே பனிஹால் சுரங்கம் தாண்டி காசிகுண்டில் இரவு வண்டியை நிறுத்தினால்? சமவெளி டீசலோடு பனியில் படுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். லடாக் போகிறவர்கள் அங்கே கிடைக்கும் குளிர்கால டீசலைக் கேட்டு வாங்குங்கள். மெழுகு கட்டாமலிருக்கச் சேர்க்கிற மருந்து பாட்டில் கடையில் கிடைக்கிறது. அதைக் குளிர் தொடங்கும் முன்பே, டேங்கை நிரப்பும்போதே, பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி ஊற்றவேண்டும். மெழுகு கட்டிய பிறகு ஊற்றினால் அது கரைக்காது. வாட்டர் செப்பரேட்டரில் தேங்கும் தண்ணீரையும் தினமும் வடித்துவிடுங்கள். அந்த நாலு சொட்டுத் தண்ணீர் ஐஸாகி அடைத்துக்கொண்டால் நல்ல டீசல் இருந்தும் பயனில்லை.

இன்னொன்று. காலையில் செல்ஃப் அடித்ததும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று சந்தோஷப்பட்டு உடனே ரோட்டில் ஏற்றாதீர்கள். பைப்பில் மிச்சமிருந்த டீசலில் சில நிமிடம் ஓடிவிட்டு, மலை வளைவில் அணைந்துபோகும். அணைந்தால் பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். நின்ற இடத்திலேயே பத்து நிமிடமாவது ஓடவிட்டு, ஆக்சிலேட்டருக்கு எஞ்சின் சீராகப் பதில் சொல்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

இனி நான் அடித்துச் சொல்ல வேண்டிய விஷயம். மலைப்பாதையில் வரிசையாக நிற்கும் லாரிகளுக்கு அடியில் விடியற்காலையில் தீ எரிவதைப் பார்ப்பீர்கள். ஒருத்தர் பழைய துணியை டீசலில் நனைத்து எண்ணெய் சம்புக்குக் கீழே கொளுத்தி வைப்பார். ஒருத்தர் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை டேங்குக்கு அடியில் தள்ளுவார். அனுபவப்பட்ட காக்காமார்கூட "நாங்க அந்தக் காலத்துல இப்படித்தான் எடுப்போம்" என்று சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்து வண்டியில் இரும்பு டேங்க், செம்புக் குழாய், நாலே நாலு ஒயர். இன்றைக்கு நீங்கள் ஓட்டும் வண்டிக்கு அடியில் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகிற நைலான் குழாய்கள், கட்டுக்கட்டாக ஒயரிங், பிளாஸ்டிக் யூரியா டேங்க், ரப்பர் மட்கார்டு, கிரீஸும் ஆயிலும் அப்பிய தூசி. ஒரு தீ நாக்கு பட்டால் இத்தனையும் பற்றும். காற்றுக் குழாய் உருகி ஓட்டை விழுந்தால் பிரேக் போச்சு; பாதி உருகி, இறக்கத்தில் கிழிந்தால் யோசித்துப் பாருங்கள்.

டீசல் சட்டென்று பற்றாது என்று நம்பி இதைச் செய்கிறார்கள். 35 டிகிரிக்கு மேல் சூடேறினால் டீசலும் பற்றக்கூடிய ஆவியைக் கிளப்பலாம் என்றுதான் தர எல்லையே வைத்திருக்கிறார்கள். அடியில் தீ எரியும்போது டேங்கின் தகடு அதைத் தாண்டிப் பல மடங்கு கொதிக்கும். பாதி காலியான டேங்க் இன்னும் மோசம், மேலே இருப்பதெல்லாம் ஆவி. பக்கத்தில் நிற்பது கேஸ் டேங்கராகவும் இருக்கலாம், தார்ப்பாய் கட்டிய பஞ்சு லோடாகவும் இருக்கலாம். வேண்டாம் தம்பி. ஃபில்டரையும் குழாயையும் சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சுற்றி, ஆற ஆற மாற்றுங்கள். கையில் மாற்று ஃபில்டர் ஒன்று வைத்திருங்கள். அடைத்ததைக் கழற்றிவிட்டு அதைப் போட்டு, ஹேண்ட் பம்ப் அடித்து ஏர் எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். முடியாவிட்டால் வெயில் ஏறும்வரை காத்திருங்கள். லோடு நாலு மணி நேரம் தாமதமானால் யாரும் சாகமாட்டார்கள்.

இதைவிடக் கொடியது கேபினுக்குள் வைக்கிற கரிச்சட்டி. பனி விழுந்தோ மண் சரிந்தோ ராம்பன், பனிஹால் பக்கம் சாலை அடைத்துவிட்டால் லாரிகள் நாள் கணக்கில் நிற்கும். கம்பளி போதாது, எஞ்சினை ஓடவிட்டால் டீசல் செலவு. உடனே அங்கே விற்கிற காங்கிரி என்னும் கரிச்சட்டியோ, தகர டப்பாவில் அள்ளிய கரியோ கேபினுக்குள் வந்துவிடும். குளிர் புகாமல் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிடுவார்கள். கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அதற்கு நிறமில்லை, வாசமில்லை, தொண்டை கரகரக்காது. புகை வரவில்லையே, கரி நன்றாகப் பிடித்துவிட்டது, ஆபத்தில்லை என்று நினைக்கிற நேரத்தில்தான் அது ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் தள்ளாட்டம் என்று விழித்திருப்பவனுக்கு அறிகுறி தெரியும். தூங்கிவிட்டவனுக்கு எதுவும் தெரியாது.

2025 ஜனவரி 5 அன்று ஸ்ரீநகரின் பாந்த்ரெதன் பகுதியில் ஒரு வாடகை வீட்டுக்குள் கணவன், மனைவி, மூன்று குழந்தைகள், ஐந்து பேரும் மூச்சுத் திணறி இறந்து கிடந்தார்கள். குளிருக்கு அறையைச் சூடாக்கும் சாதனம்தான் காரணம் என்று சொல்லப்பட்டது. குளிரிலேயே பிறந்து வளர்ந்த காஷ்மீரிக் குடும்பத்துக்கே இந்தக் கதி. லாரி கேபின் அந்த அறையில் நாலில் ஒரு பங்குகூட இருக்காது. எந்த நெருப்பும், ஸ்டவ்வும், கேஸ் அடுப்பும் கேபினுக்குள் வேண்டாம், சமையலுக்கும் வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குகிறவர்கள் சைலன்சர் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள், கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வையுங்கள். கூட்டாளி எழுப்பினால் எழவில்லை என்றால் முதலில் கதவைத் திறந்து வெளியே இழுத்துப் போடுங்கள், 112ஐ அழையுங்கள். முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

நம் ஊர்ப் பழக்கம் இன்னொன்று அங்கே வண்டியையே கொன்றுவிடும்: ரேடியேட்டருக்குப் பச்சைத் தண்ணீர். குடிக்கவே உப்புத் தண்ணீர் என்று அலைகிற ஊர் நமது; அந்தத் தண்ணீரையே ரேடியேட்டரிலும் ஊற்றினால் உள்ளே துரு ஏறும் என்பது ஒரு பக்கம். மலையில் அது ஐஸாகி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஊதும். அந்த ஊதலுக்கு வார்ப்பிரும்பு எஞ்சின் பிளாக் பிளந்துவிடும். காலையில் கொதிநீரை ஊற்றினால் வெடிப்பு இன்னும் நீளும். கூலண்டையும் சுத்திகரித்த தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் மைனஸ் 35 வரை பயமில்லை. தண்ணீர் சேர்க்காமல் வெறும் கூலண்டே ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள்; கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் தனியாக மைனஸ் 13 அளவிலேயே உறைந்துவிடும். அது விஷம், குடித்தால் இனிக்கும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி கேபினில் வைக்கவே கூடாது.

பேட்டரியைப் பற்றிச் சுருக்கமாக. மைனஸ் 18இல் நல்ல பேட்டரிக்கே பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே நேரத்தில் கெட்டியான ஆயில் எஞ்சினைச் சுழலவிடாமல் பிடித்திருக்கும். நாம் வழக்கமாக ஊற்றுகிற 15 டபிள்யூ 40 ஆயிலுக்குப் பதிலாக, வண்டிக் கம்பெனி அனுமதித்திருந்தால் 5 டபிள்யூ 40 போட்டுக்கொண்டு போவது நல்லது. ஹீட்டர் விளக்கு அணையும்வரை பொறுத்து, பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், இரண்டு நிமிடம் விட்டு மறுபடி அடியுங்கள். சார்ஜ் இறங்கிய பேட்டரி மைனஸ் 10க்கு முன்னாலேயே உறைந்துவிடும். பக்கம் ஊதியிருந்தால் ஜம்பர் ஒயர் போடாதீர்கள், வெடிக்கும்.

டீசலில் பெட்ரோல் கலக்கச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். டேங்கையே வெடிகுண்டாக்குகிற யோசனை அது. மண்ணெண்ணெய் கலப்பது பழைய வண்டிகளில் நடந்த கதை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளின் பம்பும் இன்ஜெக்டரும் டீசலின் வழவழப்பை நம்பித்தான் ஓடுகின்றன. பழுதானால் செலவு லட்சத்தில். ஸ்டார்ட்டிங் ஸ்பிரே என்று ஈதரை ஏர் ஃபில்டரில் அடிப்பதும் ஹீட்டர் உள்ள எஞ்சினில் பேராபத்து. பழுத்துச் சிவந்த ஹீட்டரில் பட்டதும் மூஞ்சிக்கு நேரே வெடிக்கும்.

யூரியா மைனஸ் 11இல் உறையும். அதற்குப் பயப்பட வேண்டாம், வண்டி ஓட ஓட அதன் ஹீட்டர் கரைத்துக்கொள்ளும். தண்ணீர் மட்டும் கலக்காதீர்கள். ஏர் டேங்கில் சேரும் ஈரத்தை இரவே வடித்துவிடுங்கள், இல்லையென்றால் பிரேக் வால்வுக்குள் ஐஸ் கட்டும்.

கனடாவில் லாரி ஓட்டுகிற ஈழத் தமிழர்களும் இதே டீசலோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் அங்கே எஞ்சின் பிளாக்கைச் சூடாக்க மின்சார ஹீட்டர் இருக்கிறது. மேற்கு மாகாணங்களில் வண்டியின் முன்புறம் ஒரு பிளக் தொங்கும், நிறுத்துமிடத்திலேயே சொருகிவிட்டுப் போவார்கள். பம்பில் வரும் டீசலும் பருவத்துக்குத் தகுந்தபடி மாறும். நம் டிரைவருக்கு அந்த வசதியெல்லாம் இல்லாததால் எல்லாச் சுமையும் அவன் தலையில் விழுகிறது. அதனால்தான் ஓனர்களிடம் இதைக் கேட்கிறேன். கிளம்பும்போது டீசலுக்கும் டோலுக்கும் மட்டும் கணக்குப் போட்டுப் பணம் கொடுத்து, கரியைத் தவிர வேறு எதையும் வாங்க முடியாத நிலையில் பையனைப் பனிக்குள் அனுப்பாதீர்கள். கூலண்ட், இரண்டு மாற்று ஃபில்டர், மருந்து பாட்டில், நல்ல கம்பளி, சாலை அடைத்தால் அறை எடுத்துத் தங்கப் பணம், இத்தனையும் பேட்டாவோடு சேர்த்துக் கொடுங்கள். "வண்டி ஸ்டார்ட் ஆகலை, வெயில் வந்ததும் எடுக்கிறேன்" என்று விடியற்காலையில் போன் வந்தால், சரி, பார்த்து எடு என்று சொல்லுங்கள்.