வெப்பப் பம்பியும் அதன் வாயுவும்

கிணற்று நீர் தானாக மேலேறி வருவதில்லை. துலாவும் பட்டையும் கொண்டு அதனை மேலே கொணர வேண்டியிருக்கின்றது. வெப்பமும் இத்தகையதே. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு அது தானாகச் செல்லும். எதிர்த் திசையிற் செலுத்துவதாயின் உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பைத் தரும் இயந்திரமே வெப்பப் பம்பி. கொழும்பில் அறையின் வெப்பத்தை வாங்கி வெளியே கொட்டும் குளிரூட்டியும், நோர்வேயில் மாரிகாலக் காற்றிலிருந்து வெப்பத்தை வாங்கி வீட்டினுள் சேர்க்கும் கருவியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சூரிச் நகர மண்டபத்தில் 1938ஆம் ஆண்டளவிலேயே லிம்மற் ஆற்று நீரிலிருந்து வெப்பத்தைப் பெறும் பம்பி ஒன்று அமைக்கப்பட்டது.

உறையும் குளிரில் வெப்பம் ஏது என்று சிலர் ஐயுறலாம். நமக்குக் குளிராயிருப்பது, அதனிலுங் குளிர்ந்த பொருளுக்குச் சூடேயாகும். இக்கருவிகள் பலவற்றில் இன்று பயன்படும் ஆர்-32 என்னும் திரவம், சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் பூச்சியத்துக்குக் கீழ் 52 பாகையளவிலேயே கொதித்துவிடும். கொதிக்கும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகின்றது. கொம்பிரசர் அவ்வாவியை நெருக்கிச் சூடேற்ற, மறுபுறத்துச் சுருளில் அது தன் வெப்பத்தைக் கொட்டிவிட்டு மீண்டுந் திரவமாகின்றது. துலாவிற் கட்டிய பட்டை கிணற்றுக்குள் இறங்குவதும் ஏறுவதும் போன்றதே இச்சுற்று.

பட்டையில் அள்ளப்படுவது நீர், பட்டை செலவாவதில்லை. ஆயினும், குளிரூட்டிக்கு ஆண்டுதோறும் “காஸ் அடிக்க” வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. மோட்டார் வண்டிக்குப் பெற்றோல் நிரப்புவது போன்றதென அதனைப் பலர் கருதுகின்றனர். இது தவறு. வாயு மூடிய குழாய்களுக்குள்ளேயே சுழல்கின்றது, எரிவதுமில்லை, தேய்வதுமில்லை. அது குறைந்திருக்குமாயின் எங்கோ ஒரு கசிவு இருக்கின்றது என்பதே பொருள். கசிவை அடைக்காது வாயுவை மட்டும் நிரப்பினால், ஓட்டைப் பட்டையால் இறைத்த கதையாகும். வீட்டுக்காரர் அடுத்த ஆண்டும் பணங் கொடுப்பார். இடையில் மின்சாரக் கட்டணம் ஏறும். வாயு குறைந்த நிலையில் ஓடும் கொம்பிரசர் மிகையாகச் சூடேறி ஒருநாள் முற்றாகப் பழுதடையும்.

உட்சுருளில் உறைபனி படிவது வாயுக் குறைவின் அறிகுறி என்பர். அது உண்மையே, ஆனால் தூசி அடைத்த வடிகட்டியும் அதே பனியை உண்டாக்கும். முதலில் வடிகட்டியைக் கழுவிப் பார்ப்பது செலவற்ற வழி.

கசிவு உண்டென்று தெரிந்தால், எஞ்சிய வாயுவை வெளியே விடாது உருளையிற் சேகரித்த பின், உலர்ந்த நைதரசனைக் குழாய்களிற் செலுத்தி, மூட்டுக்களிற் சவர்க்கார நீரைப் பூசிக் குமிழி எழும் இடத்தைக் காணலாம். நைதரசனுக்குப் பதிலாக ஒட்சிசனைச் செலுத்துவது பேராபத்து. கொம்பிரசரின் எண்ணெயோடு சேர்ந்து அது வெடிக்கக்கூடும்.

அடைத்த பின் செய்யவேண்டிய வேலையே பெரும்பாலும் கைவிடப்படுகின்றது. குழாய்க்குள் புகுந்த காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பியால் அகற்றவேண்டும். வளிமண்டல அமுக்கத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கினுங் குறைந்த நிலையை எட்டும்போது, உள்ளிருக்கும் நீர் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். இது பொறுமையை வேண்டும் வேலை. அவசரத்தில் ஈரம் தங்கிவிட்டால் அது எண்ணெயோடு கலந்து அமிலத்தை உண்டாக்கி, மோட்டாரின் சுற்றுக்கம்பிகளை அரிக்கும்.

அதன் பின்னரே வாயுவை நிறுத்து இடவேண்டும். எத்தனை கிராம் என்பது வெளிக்கருவியின் தகட்டிற் பொறிக்கப்பட்டிருக்கும். குழாய் வழமையினும் நீளமாயின் மீற்றருக்கு இத்தனை கிராம் கூட்டவேண்டுமென்றுங் குறிக்கப்பட்டிருக்கும். அமுக்கமானியை மட்டும் பார்த்து நிரப்புவோர் உளர். அன்றைய வெயிலுக்கேற்ப அமுக்கம் மாறுமாதலால் அது நம்பத்தக்க அளவன்று. மிகுதியாக இடுவதும் குறையே. அமுக்கம் ஏறும், மின்சாரம் வீணாகும்.

தகடு குறிக்கும் வாயுவையன்றி வேறொன்றை இடலாகாது. ஆர்-32 மெதுவாகத் தீப்பற்றும்; புரொப்பேன் எளிதிற் பற்றிக்கொள்ளும். பழைய ஆர்-22 ஓசோன் படையைச் சிதைப்பதாதலின் 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை அதனைப் படிப்படியாக விலக்குகின்றது. பின்வந்த ஆர்-410ஏ ஓசோனுக்குத் தீங்கற்றது. ஆயினும் ஒரு கிலோ வெளியேறினால் ஏறக்குறைய 2,000 கிலோ கரியமில வாயுவுக்கு ஒப்பாகப் புவியைச் சூடாக்கும். 2016இல் கிகாலியில் அவ்வுடன்படிக்கை திருத்தப்பட்டது இதன் பொருட்டே.

கடற்கரையூர்களில் உப்புக்காற்று வெளிக்கருவியின் அலுமினியத் தகடுகளை அரிக்கும். மின்னை நிறுத்திவிட்டு நன்னீராலே மெல்லக் கழுவுவது நன்று. திருத்த வருபவரிடம் தராசும் வெற்றிடப் பம்பியும் உண்டா என்று வேலை தொடங்குமுன் கேட்கலாம். இட்ட கிராம் அளவையும் திகதியையும் ஒரு துண்டில் எழுதி வெளிக்கருவியின் மூடிக்குள் ஒட்டிவைத்தால், அடுத்து வருபவருக்கு அதுவே முதற் சான்றாகும்.