1964 பிளவின் ஐந்தொகை

1964 ஏப்ரல் 11 அன்று டெல்லியில் நடந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் கவுன்சில் கூட்டத்திலிருந்து 32 பேர் வெளியேறினார்கள். அந்த நவம்பரில் கல்கத்தா மாநாடு முடிந்தபோது நாட்டில் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள் இருந்தன. நம் ஊர்ப் பேச்சில் பழைய கட்சியான சிபிஐ வலது, வெளியேறியவர்களின் சிபிஎம் இடது. அந்த 32 பேரில் என். சங்கரய்யா 2023 நவம்பரிலும், வி.எஸ். அச்சுதானந்தன் 2025 ஜூலையிலும் காலமானார்கள். வெளியேறியவர்களில் இன்று யாரும் இல்லை. கணக்கை எடுத்துப் பார்க்கத் தோதான நேரம்.

பழைய தோழர்கள் பலருக்கும் ஒரே ஆதங்கம்தான்: பிரியாமல் இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்போம். எண்கள் அதற்கு அவ்வளவு எளிதாகத் தலையாட்டவில்லை.

பிளவுக்கு முந்தைய கடைசி மக்களவைத் தேர்தல் 1962-இல் நடந்தது. ஒரே கட்சி, 29 இடங்கள், 9.94% வாக்கு. பிளவுக்குப் பின் முதல் தேர்தல் 1967-இல். வலதுக்கு 23, இடதுக்கு 19, ஆக 42 இடங்கள். வாக்கு 5.11-உம் 4.28-உம் சேர்த்து 9.39%. 1971-இல் 23-உம் 25-உம் சேர்ந்து 48 இடங்கள், வாக்கு 9.85%. சீனப் போர், மாஸ்கோ-பீக்கிங் சண்டை, காங்கிரஸோடு கூடுவதா மோதுவதா என்ற தகராறு, கட்சித் தலைவர் டாங்கே பிரிட்டிஷ் அரசுக்கு எழுதியதாகச் சொல்லப்பட்ட கடித விவகாரம் என்று அத்தனை களேபரத்துக்குப் பிறகும் 1971-இல் வாக்கில் அரை விழுக்காடுகூடக் கரைந்து நிற்கவில்லை. இடங்களோ கூடின.

அப்படியானால் நஷ்டமே இல்லையா? இருக்கிறது. அது கேரளத்தின் பக்கத்தில் எழுதியிருக்கிறது.

1965 மார்ச். 133 இடங்களுக்குத் தேர்தல். இரு கட்சிகளும் எதிரெதிரே நின்றன. இடது வேட்பாளர்கள் பலர் சிறையில் இருந்தபடியே போட்டியிட்டார்கள். இடதுக்கு 40, வலதுக்கு 3. யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் சட்டமன்றம் ஒருநாள்கூடக் கூடாமல் கலைக்கப்பட்டது. 1967-இல் அதே 133 இடங்கள், இம்முறை ஒரே முன்னணி. இடதுக்கு 52, வலதுக்கு 19. காங்கிரஸ் 9-க்குச் சுருங்கியது. இதில் கவனிக்க வேண்டியது வலதின் வாக்கு. 1965-இல் 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல், 1967-இலும் ஏறக்குறைய அதே அளவுதான். வாக்கு நின்ற இடத்திலேயே நிற்க, இடம் மட்டும் 3-இலிருந்து 19 ஆனது. நேருக்கு நேர் மோதியதன் விலை 16 இடம் என்று இந்த ஒரு வரியில் அச்சொட்டாகச் சொல்லிவிடலாம்.

வங்காளத்திலும் கதை அதேதான். 1967-இல் இரண்டும் வெவ்வேறு முன்னணிகளில் நின்று 43-உம் 16-உம் பெற்றன, காங்கிரஸ் 127. முடிவு வந்த பிறகுதான் கைகோத்து ஆட்சி அமைத்தார்கள். 1969-இல் முன்கூட்டியே கூடினார்கள்: 80-உம் 30-உம். காங்கிரஸ் 55. இதற்கிடையில் நக்சல்பாரி எழுச்சி நடந்து, 1969 ஏப்ரலில் மூன்றாவது கட்சி, எம்.எல்., பிறந்துவிட்டது. அது அன்று தேர்தலையே புறக்கணித்ததால் நம் பேரேட்டில் அதற்குப் பத்தி இல்லை. அதன் கணக்கு உயிர்களில் எழுதப்பட்டது.

அவசரநிலையை ஆதரித்ததற்கு வலது கொடுத்த விலையும் குறிப்பிடத் தக்கது, ஏனென்றால் அது ஒரே மாதிரி விழவில்லை. 1977-இல் கேரளத்தில் காங்கிரஸ் அணியில் நின்ற வலதுக்கு 23 கிடைத்தது, எதிரே நின்ற இடதுக்கு 17. வங்காளத்திலோ இடதுக்கு 178, வலதுக்கு 2. மக்களவையில் வலது 23-இலிருந்து 7-க்கு இறங்கியது. 1978-இல் பட்டிண்டா மாநாட்டில் வலது தன் தவற்றை ஒப்புக்கொண்டது. அதன் பிறகு இரண்டும் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் நின்றன.

ஓட்டுப் பெட்டிக்கு வெளியே செலவு தெளிவாகத் தெரியும். 1920-இல் பிறந்த ஏஐடியுசி தொழிற்சங்கம் இருக்க, 1970-இல் இடதின் சிஐடியு வந்தது. ஒரே ஆலை வாசலில் இரண்டு கொடிக்கம்பம், ஒரே கோரிக்கைக்கு இரண்டு நோட்டீஸ், இரண்டு சந்தா ரசீது. தமிழ்நாட்டில் வலதின் இதழ் ஜனசக்தி ஒருபுறம், இடதின் தீக்கதிர் மறுபுறம். எழுத்தாளர்களுக்குக் கலை இலக்கியப் பெருமன்றம் ஒருபுறம், முற்போக்கு எழுத்தாளர் சங்கமான தமுஎச மறுபுறம். பாகப்பிரிவினை ஆன வீட்டில் இரண்டு அடுப்பு எரிவதுபோல. இலக்கியத்துக்கு மட்டும் இது லாபம் என்பேன். புதிதாக எழுதுகிறவர்களுக்கு இரண்டு வாசல் கிடைத்தது.

தமிழ்நாட்டு எண்கள் இன்னொரு உண்மையைச் சொல்கின்றன. 1962 சட்டமன்றத் தேர்தலில் ஒரே கட்சியாக 7.7% வாக்கு வாங்கி 2 இடம் வென்றார்கள். 1967-இல் திமுக அணியில் சேர்ந்த இடதுக்கு 11, சேராத வலதுக்கு 2. 1971-இல் திமுகவோடு நின்ற வலதுக்கு 8, தனித்து நின்ற இடதுக்கு 0. 2011-இல் இருவரும் அதிமுக அணியில்: 10-உம் 9-உம். 2016-இல் இருவரும் ஒற்றுமையாக மக்கள் நலக் கூட்டணியில் நின்றார்கள்; ஆளுக்கு 25 தொகுதி, ஆளுக்கு 0. 2021-இல் மீண்டும் திமுக அணி, ஆளுக்கு 2. இங்கே வெற்றியைத் தீர்மானித்தது தோழர்களின் ஒற்றுமை அல்ல, எந்தக் கழகத்தின் நிழல் என்பதே. 2019 மக்களவைத் தேர்தல் செலவுக் கணக்கில் சிபிஐக்கு 15 கோடி, சிபிஎம்முக்கு 10 கோடி ரூபாய் கொடுத்ததாகத் திமுகவே தேர்தல் ஆணையத்துக்குக் காட்டியது. வங்கி வழியே வந்த, கணக்கில் காட்டிய பணம் என்று கட்சிகள் விளக்கம் கூறின. சட்டப்படி தப்பில்லை. உண்டியல் குலுக்கி வளர்ந்த கட்சிகளுக்கு அது பெருமையும் இல்லை.

பெரிய சரிவு வந்த காலமோ ஒற்றுமையின் காலம். 2004 மக்களவையில் இடதுசாரிகளுக்கு 59 இடம்: சிபிஎம் 43, சிபிஐ 10, ஃபார்வர்டு பிளாக் 3, ஆர்எஸ்பி 3. 2009-இல் 24. இரு கம்யூனிஸ்ட் கட்சிகளின் வாக்கு 7 விழுக்காட்டிலிருந்து 2014-இல் 4-ஆகவும், 2019-இல் 2.3-ஆகவும் உருகியது. 34 ஆண்டு ஆண்ட வங்காளத்தில் 2021-இல் ஒரு சட்டமன்ற இடம்கூட இல்லை. 2023 ஏப்ரலில் சிபிஐ தேசியக் கட்சி அங்கீகாரத்தை இழந்தது. பிகாரில், பழைய எம்.எல். வழியில் வந்து பின்னர் தேர்தலுக்குத் திரும்பிய லிபரேஷன் கட்சியும் சேர்ந்து ஒரே அணியில் 2020-இல் 16 இடம் வென்றார்கள். அதே அணியில் 2025-இல் 3.

இரு கட்சிகளும் இணைய வேண்டும் என்று சிபிஐ தரப்பில் அவ்வப்போது குரல் எழும். சேர்ந்து போராடினால் போதும் என்று சிபிஎம் பதில் சொல்லும். இந்த விவாதத்தில் எந்தப் பக்கம் வென்றாலும் பேரேடு பெரிதாக மாறாது. 2024-இல் சிபிஎம்முக்கு 4, சிபிஐக்கு 2. நாளையே இணைந்தாலும் 6 இடம், வாக்கு 2.25%. மீட்க வேண்டியது 1964-இல் வெளியேறிய 32 பேரை அல்ல, 2004-க்குப் பிறகு வெளியேறிய வாக்காளர்களை.