பட்டாளத்தில் சேரப்போகும் வாலிபர்களே, பழைய நோயை மறைக்காதீர்கள்! 5 ஆண்டு ஜெயில்வரை போகலாம்

யானைக்கவுனி வால்டாக்ஸ் ரோடு. பொழுது இன்னும் விடியவில்லை. பார்சல் ஆபீஸ் வாசல்களில் லாரிகள் சரக்கு இறக்கிக்கொண்டு இருக்கும். சென்டிரலில் முதல் ரெயிலைப் பிடிக்க மூட்டையும் கையுமாக ஆட்கள் ஓடுவார்கள். அவர்களுக்கு நடுவே அரை டிராயரும் கேன்வாஸ் ஷூவுமாக சில வாலிபர்களும் ஓடுவார்கள். அவர்கள் ஓடுவது ரெயிலைப் பிடிக்க அல்ல. பட்டாளத்தில் சேர!

1,600 மீட்டரை குறிப்பிட்ட நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். கம்பியைப் பிடித்து "புல்-அப்" எடுக்க வேண்டும். 9 அடி பள்ளத்தைத் தாண்ட வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பாடு.

இத்தனையும் தாண்டிய பிறகு ஒரு கதவு இருக்கிறது. அதுதான் டாக்டர் பரிசோதனை. பலருக்கு வயிற்றைக் கலக்குவது அந்தக் கதவுதான்.

வீட்டில் நடக்கும் பேச்சு

பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பும் வீடுகளில் இப்படி ஒரு பேச்சு நடப்பது புதிது அல்ல.

"டேய் கண்ணு, சின்ன வயசுல உனக்கு வலிப்பு வந்துச்சே, அதப் போயி டாக்டர்கிட்ட உளறி வெக்காத. இப்ப நல்லாத்தானே கீற?" என்பார் தாய்.

"ஆஸ்துமாவா? மூணு வருசமா மருந்தே எடுக்கலைல்ல? ஒண்ணும் இல்லைன்னு சொல்லு. உள்ள பூந்துட்டா அப்பால யாரு கேக்கப்போறான்?" என்பார் பக்கத்து வீட்டு அண்ணன்.

பெற்ற மனம் அப்படித்தான் பேசும். மாதச் சம்பளம் வந்தால் கடன் அடையும், தங்கை கல்யாணம் நடக்கும். ஆனால் "உள்ள பூந்துட்டா யாரு கேக்கப்போறான்" என்பதுதான் தப்புக் கணக்கு. கேட்கிறார்கள். சில சமயம் 10 ஆண்டு, 20 ஆண்டு கழித்தும் கேட்கிறார்கள்.

தரம்வீர்சிங் வழக்கு

சுப்ரீம் கோர்ட்டுவரை போன ஒரு வழக்கின் விவரம் வருமாறு:-

தரம்வீர்சிங் என்பவர் 1985-ம் ஆண்டு ராணுவத்தின் சிக்னல் பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தார். சேரும்போது நடந்த டாக்டர் பரிசோதனையில் அவருக்கு எந்த நோயும் இருப்பதாக எழுதப்படவில்லை. சுமார் 9 ஆண்டு வேலை பார்த்தார். பிறகு வலிப்பு நோய் என்று கூறி, 20 சதவீத ஊனம் என்று கணக்கிட்டு, 1994-ல் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஊன பென்சன் கேட்டார். "இந்த நோய்க்கும் ராணுவ வேலைக்கும் சம்பந்தம் இல்லை" என்று டாக்டர்கள் குழு எழுதிவிட்டது. பென்சன் இல்லை என்றார்கள்.

அவர் கோர்ட்டு படி ஏறினார். இமாசலபிரதேச ஐகோர்ட்டில் ஒரு நீதிபதி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு கூறினார். அப்பீலில் அது ரத்து ஆனது. கடைசியில் 2013-ம் ஆண்டு ஜூலை மாதம் சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு ஊன பென்சன் கொடுக்கும்படி உத்தரவிட்டது. வேலை போய் 19 ஆண்டு கழித்துக் கிடைத்த நீதி இது!

சுப்ரீம் கோர்ட்டு சொன்ன காரணம் எளிமையானது. ஆளை எடுக்கும்போது பரிசோதனை செய்தது ராணுவ டாக்டர்தான். அப்போது நோய் எதுவும் எழுதப்படவில்லை என்றால், ஆள் நல்ல உடம்போடு சேர்ந்தார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை, நோய் முன்பே இருந்தது, பரிசோதனையில் தெரிந்திருக்க முடியாது என்று சொன்னால், அதற்கான காரணத்தை டாக்டர்கள் குழு எழுத வேண்டும். தரம்வீர்சிங் விஷயத்தில் அப்படி எந்தக் காரணமும் எழுதப்படவில்லை.

தப்பாகப் புரிந்துகொள்ளலாமா?

"அப்படியானால் மறைத்துவிட்டுச் சேர்ந்தால் நமக்கும் பென்சன்தானே!" என்று சிலர் நினைக்கலாம். அங்கேதான் ஆபத்து.

தரம்வீர்சிங் எதையும் மறைத்ததாக கோர்ட்டு சொல்லவில்லை. மறைக்காதவருக்குத்தான் அந்த பாதுகாப்பு. "நல்ல உடம்போடு சேர்ந்தார்" என்பது கோர்ட்டு வைத்துக்கொள்ளும் அனுமானம் மட்டுமே. பத்தாம் வகுப்பு படிக்கும்போது வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்ட பழைய சீட்டு ஒன்று வெளியே வந்தால், அந்த அனுமானம் நிற்காது.

2019-ல் நரசிங் யாதவ் என்ற சிப்பாயின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு பென்சன் கொடுக்க மறுத்துவிட்டது. சில மனநோய்களை ஆள் எடுக்கும் நேரத்தில் கண்டுபிடிக்க முடியாது, அதனால் வேலைதான் காரணம் என்று தானாகச் சொல்லிவிட முடியாது என்று கூறிவிட்டது. பென்சன் விதிகளும் 2023-ல் புதிதாக எழுதப்பட்டு உள்ளன.

5 ஆண்டு ஜெயில்

பென்சன் போவதோடு விஷயம் முடியாது. 1950-ம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 44-வது பிரிவு என்ன சொல்கிறது? ராணுவத்தில் சேரும்போது படிவத்தில் உள்ள கேள்விக்கு, தெரிந்தே பொய்ப் பதில் சொன்னால், ராணுவ கோர்ட்டில் விசாரித்து 5 ஆண்டுவரை ஜெயில் தண்டனை கொடுக்கலாம்.

வேலைக்காக ஒரு பொய். அந்தப் பொய்யே வேலையையும் தின்று, ஜெயிலிலும் தள்ளிவிடும்.

அக்னிவீர்களுக்கு என்ன?

2022-ல் "அக்னிபத்" திட்டம் வந்த பிறகு நிலைமை இன்னும் கறார். 4 ஆண்டு வேலை. அதில் 25 சதவீதம் பேர்வரைதான் தொடர்ந்து வைத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்களுக்குப் பென்சன் கிடையாது. வேலையில் ஊனம் ஏற்பட்டால் ஊனத்தின் அளவைப் பொறுத்து ரூ.44 லட்சம், ரூ.25 லட்சம், ரூ.15 லட்சம் என்று மூன்று படிகளில் ஒரே தொகையாகக் கொடுக்க ஏற்பாடு உண்டு.

ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை. அந்த ஊனம் ராணுவ வேலையால் வந்ததாகவோ, வேலையால் அதிகமானதாகவோ இருக்க வேண்டும். பழைய நோய் என்று தெரிந்தால் கதை மாறிவிடும்.

பக்கத்தில் நிற்பவன் உயிர்

பணம், வழக்கு எல்லாம் இருக்கட்டும். உயிர் என்ன ஆவது?

தூக்கம் கெட்டால் வலிப்பு வரக்கூடும் என்பது டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம். ராணுவத்தில் ராக்காவல் உண்டு. கண் விழித்தே ஆக வேண்டும். கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு நிற்பவருக்கு வலிப்பு வந்தால் என்ன ஆகும்? ஆஸ்துமா உள்ளவர், காற்றில் பிராணவாயு குறைந்த பனிமலை உச்சியில் நின்றால் என்ன ஆகும்? அவர் மட்டுமா? அவரை நம்பிப் பக்கத்தில் நிற்பவரும் அல்லவா ஆபத்தில் மாட்டுவார்!

இனி மறைக்கவும் முடியாது

அமெரிக்காவில் 2022 முதல், ராணுவத்தில் சேர வருகிறவர்களின் பழைய ஆஸ்பத்திரி விவரங்களை கம்ப்யூட்டரிலேயே பார்க்கும் முறை வந்துவிட்டது. வாயால் "ஒன்றும் இல்லை" என்றவர்களின் பழைய மருந்துச் சீட்டுகள் திரையில் வந்து நின்றன.

நம் நாட்டிலும் 2021 முதல் மருத்துவ விவரங்களுக்கு தனி நம்பர் கொடுக்கப்படுகிறது. இப்போதைக்கு நோயாளி சம்மதித்தால்தான் மற்றவர் பார்க்க முடியும். ஆனாலும் ஆஸ்பத்திரிச் சீட்டு கிழிந்து தொலைந்துபோகும் காலம் மலையேறி வருகிறது.

என்ன செய்யலாம்?

எல்லா நோயும் கதவை அடைத்துவிடாது. காதில் அழுக்கு அடைத்திருந்தால் முன்பே சுத்தம் செய்துகொள்ளலாம். குடல் இறக்கம் போன்றவற்றுக்கு ஆபரேஷன் செய்து, குணமாகி, குறிப்பிட்ட காலம் ஆனபிறகு வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்வதும் உண்டு. முதல் பரிசோதனையில் "தகுதி இல்லை" என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது என்று அழ வேண்டாம். ராணுவ ஆஸ்பத்திரியில் மறு பரிசோதனை கேட்க வழி இருக்கிறது.

ஓடிப் பழகுவதற்கு முன்பே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு வாங்கி கண், காது, நெஞ்சு எல்லாம் பார்த்துக்கொள்வது நல்லது. யானைக்கவுனியில் இருந்து நடந்தே போய்விடலாம். தகுதி இல்லை என்று தெரிந்தால், வயது போவதற்குள் வேறு வேலைக்குப் படிக்கலாமே!

"மெடிக்கல்ல பாஸ் போட்டுத் தர்றேன், இவ்வளவு துட்டு குடு" என்று எவனாவது வந்தால் நம்பாதீர்கள். ராணுவத்தில் ஆள் எடுப்பதற்குத் தரகர் கிடையாது. துட்டும் போகும், வேலையும் போகும்.

கவுனி என்றால் கோட்டை வாசல். பழைய பட்டணத்து மதில் இருந்த காலத்தில் யானைக்கவுனியும் ஒரு வாசல்தான். உள்ளே வருகிறவன் யார் என்று வாசலிலேயே பார்த்துவிடுவார்கள். பட்டாளத்து வாசலில் அந்த வேலையைச் செய்பவர் டாக்டர்.

அவரிடம் மறைப்பதற்காக பழைய மருந்துச் சீட்டை டிரங்குப் பெட்டிக்கு அடியில் தள்ளுகிற தாய்மார்களே! அதை எடுத்து பிள்ளையின் சட்டைப் பையில் வையுங்கள். வேலை கிடைக்காமல் வீட்டுக்கு வரும் மகனுக்கு மறுநாளும் சோறு போடலாம். பொய் சொல்லிப் போன மகன் எந்த நிலையில் வருவான் என்று யாராலும் சொல்ல முடியாது.