வைத்தியர் வாசலில் ஆராய்ச்சி

நோயாளி வைத்தியரைத் தேடிச் செல்வதை யாவரும் அறிவோம். ஆராய்ச்சியாளரும் அவரைத் தேடிச் செல்வதுண்டு. பெரிய மருத்துவமனைக்கு வருவோர் பெரும்பாலும் நோய் முற்றியவர்கள். சாதாரண இருமலையோ சர்க்கரை நோயின் தொடக்கத்தையோ ஆராய வேண்டுமாயின், ஊர்ப்புறத்துக் குடும்ப வைத்தியரிடமே போயாக வேண்டும். தகுந்த நோயாளிகளைத் தேர்ந்து, நோக்கத்தை விளக்கி, சம்மதம் பெற்று, படிவம் நிரப்பித் தருமாறு அவரை வேண்டுகிறார்கள்.

மாமல்லபுரத்திற்கும் சதுரங்கப்பட்டினத்திற்கும் இடையே, மீனவக் குப்பங்களுக்கு நடுவில் தனியாகத் தொழில் நடத்தும் ஒரு வைத்தியரை எண்ணிப் பாருங்கள். கடலிலிருந்து திரும்பியவர்களும் கைக்குழந்தையுடன் தாய்மார்களும் திண்ணையில் காத்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஆராய்ச்சியை முறையாக விளக்கக் கால் மணி நேரமாவது வேண்டும். அந்தக் கால் மணி திண்ணையில் இருப்பவர்களுடையது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்களை அனுப்பிவிட்டு வகுப்புகளை நடத்திப் பார்த்த தலைமையாசிரியர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. மேலும், நம் ஊரில் வைத்தியர் கேட்டால் மறுப்பவர் யார்? மரியாதைக்காகத் தலையசைப்பதைச் சம்மதம் என்று கொள்ளலாமா?

இதனால் ஆராய்ச்சியே வேண்டாமென்று சொல்வதற்கில்லை. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968-இல் பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை ஒன்று தொடங்கிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அதில் பங்கு கொண்டன. சுமார் 2,80,000 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரு பகுதியினருக்கு மருந்து, மற்றவர்களுக்கு மருந்தில்லாத நீர். இரண்டரை ஆண்டுக்கொரு முறை எக்ஸ்-ரேயும் சளிப் பரிசோதனையும் நடத்தி, 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்பதே முடிவு. 1979-இல் முதற்கட்டமாகவும் 1999-இல் முழுமையாகவும் அது வெளியாயிற்று. குழந்தைகளுக்கு வரும் மூளைச்சவ்வுக் காசநோய் போன்ற கொடிய வகைகளுக்கு அது காப்பாக இருப்பதால், பிறந்த குழந்தைக்கு இன்றும் போடப்படுகிறது. உலகமே நம்பியிருந்த ஒன்றைச் செங்கற்பட்டு மக்கள் கைநீட்டி அளந்து காட்டினார்கள்.

அப்பெரும் பணிக்கென்றே தனிப் பணியாளர்கள் இருந்தார்கள் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இன்று வைத்தியரை நாடுவோரும் தம் ஆளையே திண்ணைக்கு அனுப்பட்டும். விளக்குவதும் எழுதுவதும் அவர் வேலையாகட்டும். மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்பதை வைத்தியர் தம் வாயால் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆராய்ச்சி முடிந்தபின், கண்டது என்னவென்று தமிழில் ஒரு பக்கம் எழுதி அவருக்கு அனுப்பவும் வேண்டும். திண்ணையில் இருப்பவர்கள் அவரைத்தானே கேட்பார்கள்.