கூலருக்கு என்ன கோளாறு?

வட இந்தியாவில் கோடைக்காலம் மிகவும் கடுமையானது. ஏப்ரல் முதல் ஜூன் வரை அனல் காற்று வீசும். அந்தக் காற்றை அங்குள்ள மக்கள் 'லூ' என்று அழைக்கிறார்கள். ராஜஸ்தானில் பலோடி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 2016ஆம் ஆண்டு மே 19 அன்று வெப்பம் 51 டிகிரி செல்சியஸைத் தொட்டது. தில்லி, நாக்பூர், ஜெய்ப்பூர் நகரங்களில் 45 டிகிரி வெயில் புதிதல்ல.

இந்த வெயிலில் வீட்டுக்குள் எப்படி இருப்பது? வசதி உள்ளவர்கள் ஏ.சி. வாங்குகிறார்கள். ஒன்றரை டன் ஏ.சி. ஓட ஏறக்குறைய 1500 வாட் மின்சாரம் வேண்டும். எல்லோராலும் அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியுமா? ஆகவே லட்சக்கணக்கான குடும்பங்கள் கூலரை நம்பி இருக்கின்றன. வீட்டுக் கூலருக்கு 200 வாட் அளவு மின்சாரம் போதும். ஜன்னலுக்கு வெளியே இரும்புத் தாங்கியின் மேல் ஒரு தகரப் பெட்டி நிற்கும். அதுதான் கூலர்.

கூலர் நன்றாக ஓடினால் வீட்டில் தூக்கம் உண்டு. ஓடாவிட்டால் குழந்தைகளும் முதியவர்களும் வாடிப் போவார்கள். கூலரில் மின்சாரம் கசிந்தால் உயிரே போய்விடும். கூலரின் கோளாறுகளைப் பற்றி நாம் தெரிந்துகொள்வோம்.

கூலர் எப்படிக் குளிர்ச்சி தருகிறது?

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது? பானையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ளன. அவற்றின் வழியே தண்ணீர் கசிந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மீதித் தண்ணீர் குளிர்கிறது.

கூலரும் இப்படித்தான் வேலை செய்கிறது. பெட்டியின் அடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டியில் ஒரு சிறிய பம்பு இருக்கிறது. பம்பு தண்ணீரை மேலே ஏற்றுகிறது. பெட்டியின் மூன்று பக்கமும் தட்டிகள் உள்ளன. தட்டிக்குள் மரச்சீவல் அல்லது வெட்டிவேர் அடைத்திருப்பார்கள். இப்போது தேன்கூடு போன்ற அட்டைத் தட்டிகளும் வருகின்றன. தண்ணீர் தட்டியின் மேல் வழிந்து அதை ஈரமாக்குகிறது. உள்ளே இருக்கும் விசிறி வெளிக்காற்றை இழுக்கிறது. சூடான காற்று ஈரத் தட்டி வழியாக வரும்போது தண்ணீர் ஆவியாகிறது. காற்று குளிர்ந்து அறைக்குள் வருகிறது.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் எவ்வளவு வெப்பம் போகும் தெரியுமா? 1000 வாட் ஹீட்டர் 40 நிமிடம் எரிந்தால் வரும் வெப்பம் அவ்வளவும் போய்விடும்!

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. காற்று வறண்டிருந்தால்தான் தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஜூலையில் மழை தொடங்கியதும் காற்றில் ஈரம் கூடிவிடும். அப்போது கூலர் அவ்வளவாகக் குளிர்ச்சி தராது. அது கூலரின் கோளாறு அல்ல. சென்னை, மும்பை போன்ற கடற்கரை ஊர்களிலும் இதே நிலைதான்.

முதலில் பார், பிறகு கேள், பிறகு முகர்

கோளாறைக் கண்டுபிடிக்க நமக்குக் கண், காது, மூக்கு போதும். கை கடைசியில்தான் வர வேண்டும். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே கூலரைத் தொட வேண்டும்.

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாதா? போதாது. சில வீடுகளில் சுவிட்சைத் தவறான கம்பியில் இணைத்திருப்பார்கள். அங்கே சுவிட்சை அணைத்தாலும் கூலருக்குள் மின்சாரம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கினால்தான் பயம் இல்லை.

விசிறியும் ஓடவில்லை, பம்பும் ஓடவில்லை

வீட்டில் மற்ற விளக்குகள் எரிகின்றனவா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் மின்வெட்டாக இருக்கலாம், அல்லது பியூஸ் போயிருக்கலாம். மற்றவை எரிந்தால், அதே பிளக் துளையில் வேறு ஒரு சாமானைப் போட்டுப் பாருங்கள். அதுவும் ஓடவில்லை என்றால் கோளாறு சுவரில் இருக்கிறது. அது ஓடினால் கோளாறு கூலரிலோ அதன் ஒயரிலோ இருக்கிறது.

கூலரைப் போட்டவுடன் பியூஸ் போகிறதா? பியூஸில் தடித்த கம்பியைக் கட்டாதீர்கள். உள்ளே எங்கோ ஒயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பியூஸ் நமக்குச் சொல்கிறது. தடித்த கம்பி கட்டினால் தீப்பிடிக்கும். வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

விசிறி ஓடுகிறது, ஆனால் குளிரவில்லை

பல வீடுகளில் காணும் கோளாறு இதுதான். தட்டியைப் பாருங்கள்.

தட்டி முழுவதும் காய்ந்திருந்தால் தண்ணீர் மேலே ஏறவில்லை. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா? இருந்தும் ஏறவில்லை என்றால் பம்பு ஓடவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பம்பை எடுத்துப் பாருங்கள். மரச்சீவலும் அழுக்கும் உள்ளே போய் அடைத்திருக்கும். கழுவி வைத்தால் பெரும்பாலும் ஓடும். தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட விடாதீர்கள். பம்பு எரிந்துவிடும்.

தட்டியில் கோடுகோடாகக் காய்ந்திருந்தால் மேலே உள்ள குழாயின் துளைகள் அடைத்திருக்கின்றன. காய்ந்த இடம் வழியாகச் சூடான காற்று அப்படியே உள்ளே வரும். துளைகளை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

தட்டி நன்றாக நனைந்தும் குளிரவில்லையா? அறையைப் பாருங்கள். கதவு, ஜன்னல் எல்லாம் மூடி இருக்கின்றனவா? கூலர் ஈரக்காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அது வெளியே போக வழி வேண்டும். வழி இல்லை என்றால் அறை முழுவதும் ஈரமாகிப் புழுக்கம் உண்டாகும். கூலருக்கு எதிர்ப்பக்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். செலவில்லாமலே கோளாறு தீர்ந்துவிடும்.

விசிறி மெதுவாகச் சுற்றுகிறது

அறையின் மேல் விசிறியும் மெதுவாகச் சுற்றுகிறதா? அப்படியானால் மின்சாரத்தின் அழுத்தம் குறைவு. கோடை மாலைகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் கூலரைப் போடுவதால் இப்படி ஆகும். மேல் விசிறி சரியாகச் சுற்றினால் கோளாறு கூலரில் இருக்கிறது. தட்டியில் தூசியும் உப்பும் அடைத்தால் காற்று வராது. விசிறியின் அச்சில் எண்ணெய் வற்றினாலும் வேகம் குறையும்.

'ம்ம்' என்று சத்தம் வருகிறது, விசிறி சுற்றவில்லை

இந்தக் கோளாறில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். நாக்பூரில் ஒரு வீட்டில் இப்படி நடப்பதாக வைத்துக்கொள்வோம். பழுது பார்ப்பவர் வருகிறார். அந்த ஊர் மராட்டியில் 'தாயி' என்றால் அக்கா. 'பாவு' என்றால் அண்ணன்.

"தாயி, மோட்டார் எரிந்துபோய்விட்டது. புதிதாகப் போட வேண்டும்" என்கிறார் அவர்.

"பாவு, எரிந்த வாடை எதுவும் வரவில்லையே? மோட்டாரில் 'ம்ம்' என்று சத்தமும் வருகிறதே? முதலில் கண்டன்சரைப் பாருங்கள்" என்கிறார் வீட்டுக்கார அம்மா.

அந்த அம்மா கேட்டது சரியான கேள்வி. கண்டன்சர் என்பது மோட்டாரோடு இணைந்த ஒரு சிறிய பொருள். மோட்டார் சுற்றத் தொடங்குவதற்கு அதுதான் உதவி செய்கிறது. கண்டன்சர் கெட்டுப் போனால் மோட்டாருக்கு மின்சாரம் வரும். ஆனால் அது சுற்றாது. புதிய மோட்டாரின் விலையோடு பார்த்தால் கண்டன்சரின் விலை மிகவும் குறைவு.

இதை நாமே எப்படி ஊகிப்பது? பிளக்கைப் பிடுங்குங்கள். ஒரு குச்சியால் விசிறியின் இறக்கையைத் தள்ளுங்கள். இலகுவாகச் சுற்றினால் கண்டன்சர் கெட்டிருக்கலாம். இறுக்கமாக இருந்தால் அச்சில் துருவோ, பேரிங் கோளாறோ இருக்கலாம். மின்சாரம் இருக்கும்போது இறக்கையைத் தள்ளக்கூடாது. விசிறி திடீரென்று சுற்றி விரலை வெட்டிவிடும். சத்தம் கேட்டவுடன் கூலரை அணைத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் நல்ல மோட்டாரும் சூடேறி எரிந்துவிடும்.

கண்டன்சரை நீங்களே கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் கொஞ்சம் தங்கியிருக்கும். அந்த வேலை தெரிந்தவர் செய்யட்டும். புதிய கண்டன்சரில் பழையதில் உள்ள அதே எண் இருக்க வேண்டும். இரண்டையும் வாங்கிப் படித்துப் பாருங்கள். இப்போது உங்களுக்குத்தான் படிக்கத் தெரியுமே!

கடகட சத்தமும் கெட்ட வாடையும்

கடகடவென்று சத்தம் வந்தால் ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கும், அல்லது இறக்கை வளைந்திருக்கும். கீச்சென்று சத்தம் வந்தால் அச்சுக்கு எண்ணெய் தேவை.

கெட்ட வாடை வந்தால் தண்ணீர் பழையதாகிவிட்டது. தட்டியில் பூசணம் பிடித்திருக்கிறது. தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். தட்டியை வெயிலில் காய வையுங்கள். மரச்சீவல் மட்கிப் போயிருந்தால் மாற்றிவிடுங்கள்.

கருகிய வாடை வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். உடனே அணைத்துவிடுங்கள்.

உயிருக்கு ஆபத்தான கோளாறு

கூலரைத் தொட்டால் விறுவிறு என்று இருக்கிறதா? "லேசாகத்தான் அடிக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள். இன்று லேசாக அடிப்பது நாளை உயிரை எடுக்கும். கோடையில் கூலரைத் தொட்டு இறந்தவர்களைப் பற்றி வட மாநிலச் செய்தித்தாள்களில் அடிக்கடி செய்தி வருகிறது. இறந்தவர்களில் தண்ணீர் ஊற்றப் போன பெண்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் விளையாடிய குழந்தைகளும் இருக்கிறார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது? பெட்டி தகரம். உள்ளே தண்ணீர். அதன் நடுவே 230 வோல்ட் மின்சாரம். ஒயரின் மேல்தோல் உரிந்தாலோ, பம்புக்குள் தண்ணீர் புகுந்தாலோ பெட்டி முழுவதும் மின்சாரம் பாயும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் அதைத் தொட்டால் மின்சாரம் அவர் உடல் வழியாகப் பூமிக்குப் போகும்.

இதைத் தடுப்பதுதான் எர்த் கம்பி. கூலரின் பிளக்கில் மூன்று முள் இருக்க வேண்டும். பெரிய முள்தான் எர்த். அதில் சேரும் ஒயர் பச்சை நிறத்தில் இருக்கும். அதன் மறுமுனையைப் பெட்டியின் தகரத்தோடு இணைத்திருப்பார்கள். கசியும் மின்சாரம் இந்தக் கம்பி வழியாகப் பூமிக்குப் போய்விடும். பியூஸும் போய்விடும். ஆனால் சுவரில் உள்ள எர்த் சரியாக இருந்தால்தான் இது நடக்கும். வயர்மேனிடம் சொல்லி ஒவ்வொரு கோடைக்கு முன்பும் சோதிக்க வேண்டும். மூன்று முள் பிளக்கை வெட்டி இரண்டு முள் பிளக் போடுவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

டெஸ்டரைப் பெட்டியில் வைத்தால் விளக்கு எரிகிறதா? மின்சாரம் கசிகிறது என்று பொருள். விளக்கு எரியவில்லை என்பதால் மட்டும் பயமில்லை என்று நினைக்கக்கூடாது.

ஆர்.சி.சி.பி. என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. பலர் இதை ஈ.எல்.சி.பி. என்றும் சொல்வார்கள். 30 மில்லி ஆம்பியர் அளவு மின்சாரம் கசிந்தாலே அது கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடும். வீட்டில் இதைப் பொருத்துவது மிகவும் நல்லது.

ஒருவரை மின்சாரம் பிடித்துக்கொண்டால் அவரைக் கையால் இழுக்காதீர்கள். உங்களையும் பிடித்துக்கொள்ளும். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். முடியவில்லை என்றால் காய்ந்த கட்டையால் அவரை விலக்குங்கள். 112 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அவருக்கு மூச்சு இல்லை என்றால், நடு மார்பில் இரு கைகளையும் வைத்து அழுத்தமாக, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். உதவி வரும் வரை நிறுத்தாதீர்கள்.

வாரம் ஒரு நாள் விடுமுறை

தண்ணீர் ஆவியாகும். ஆனால் அதில் உள்ள உப்பு ஆவியாகாது. அது தொட்டியிலேயே தங்கும். நாளாக நாளாக உப்புப் படிந்து குழாயை அடைக்கும். தட்டி கல்லைப் போல் ஆகும்.

தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். இந்தக் கொசுதான் டெங்குக் காய்ச்சலைப் பரப்புகிறது. தில்லியில் 1996ஆம் ஆண்டு டெங்கு பரவியபோது 10,000 பேருக்கு மேல் நோய் கண்டது. 400 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஆகவே வாரம் ஒரு நாள் கூலருக்கு விடுமுறை விடுங்கள். தண்ணீர் முழுவதையும் கொட்டுங்கள். தொட்டியின் பக்கங்களைத் தேய்த்துக் கழுவுங்கள். கொசு முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். தேய்த்தால்தான் போகும். பிறகு நன்றாகக் காய விடுங்கள். உப்பு, வாடை, கொசு மூன்றும் இந்த ஒரு வேலையால் போய்விடும்.

நோட்டில் எழுதி வையுங்கள்

பழுது பார்க்கும்போது தேதி, மாற்றிய பொருள், கொடுத்த பணம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

நினைவில் வைப்போம்

1. பிளக்கைப் பிடுங்கிய பிறகே கூலரைத் தொட வேண்டும். தண்ணீர் ஊற்றும்போதும் இப்படித்தான்.
2. மூன்று முள் பிளக்கும் எர்த்தும் கட்டாயம்.
3. ஈரக் கையோடும் வெறுங்காலோடும் கூலர் அருகே போகக்கூடாது.
4. எதிர் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும்.
5. வாரம் ஒரு நாள் தொட்டியைக் காய விட வேண்டும்.

பதில் சொல்லுங்கள்

1. மழைக்காலத்தில் கூலர் ஏன் நன்றாகக் குளிர்ச்சி தருவதில்லை?
2. தட்டி கோடுகோடாகக் காய்ந்திருந்தால் எங்கே கோளாறு?
3. 'ம்ம்' என்று சத்தம் வந்து விசிறி சுற்றாவிட்டால் முதலில் எதைச் சோதிக்கச் சொல்வீர்கள்?
4. உங்கள் வீட்டில் உள்ள பிளக்குகளில் எத்தனைக்கு மூன்று முள் இருக்கிறது? எண்ணி எழுதுங்கள்.