எல்லாருக்கும் ஒரு துண்டு

தில்லியில் மே மாதம் பாதி கடந்தால் பள்ளிகளுக்கு விடுமுறை. வெளியே அனல் காற்று. ஊருக்குப் போக ரயில் டிக்கெட் கிடைக்காத வீடுகளில், "அம்மா, போரடிக்குது!" என்ற பல்லவி காலை ஒன்பது மணிக்கே தொடங்கிவிடும். எங்கள் வீட்டில் அதற்குக் கண்டுபிடித்த மருந்து, மாம்பழக் கேக்.

இந்தக் கேக்குக்கு ஒரு கதை உண்டு. சென்ற ஆண்டு என் மகளின் பிறந்த நாளுக்கு எதிர் வீட்டுச் சிறுவன் வந்திருந்தான். பால், முட்டை, முந்திரி, வேர்க்கடலை எல்லாமே அவனுக்கு அலர்ஜி. ஒருமுறை உதடு வீங்கி, மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரி வரை போய் வந்தவன். மற்ற குழந்தைகள் கேக் சாப்பிட, அவன் மட்டும் ஓரமாக உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தான். அன்றிரவு மகள் கேட்டாள்: "அவனும் சாப்பிடற மாதிரி ஒரு கேக் பண்ண முடியாதாம்மா?"

முடியும். முதலில் அவன் அம்மாவிடம் போய், எதெல்லாம் கூடாது, எதெல்லாம் ஆகும் என்று கேட்டு எழுதிக்கொண்டோம். கோதுமையும் மாம்பழமும் அவனுக்கு ஒத்துக்கொள்ளும் என்றார்.

ஒன்றரை கப் மைதா, முக்கால் கப் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, கால் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைச் சலித்துக்கொள்ளவும். இது சின்னக் குழந்தைகளின் வேலை. நன்றாகப் பழுத்த மாம்பழத்தை மசித்து ஒரு கப் விழுது எடுக்கவும். இங்கே 'சஃபேதா' என்று விற்பது நம் பங்கனப்பள்ளிதான். நாரில்லாததால் இதற்கு ஏற்றது. விழுதுடன் மூன்றில் ஒரு பங்கு கப் சூரியகாந்தி எண்ணெய், கால் கப் தண்ணீர், ஒரு மேஜைக்கரண்டி வினிகர் சேர்த்து மாவில் கலக்கவும். சோடாவும் வினிகரும் சேர்ந்ததும் நுரை கிளம்பும். அந்த வாயுதான் முட்டை இல்லாமலேயே கேக்கை உப்ப வைக்கிறது. அதனால் கலந்த மாவைக் காக்க வைக்காமல் உடனே டின்னில் ஊற்ற வேண்டும்.

டின்னில் தடவ என் மாமியார் நெய்க் கிண்ணத்தை எடுத்தார். "பாட்டி, நெய்யும் பால்தானே!" என்று கத்தினாள் மகள். ஆமாம். காய்ச்சி உருக்கிய நெய்யிலும் பாலின் புரதம் சிறிது தங்கியிருக்கும். பால் அலர்ஜி உள்ள குழந்தைக்கு அந்தச் சிறிதே போதும். எண்ணெய் தடவினோம்.

180 டிகிரி சூட்டில் 35 முதல் 40 நிமிடம். குச்சியால் குத்திப் பார்த்தால் மாவு ஒட்டக்கூடாது. அவன் இல்லாத குக்கரில் செய்வதானால் அடியில் உப்புப் பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து, கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடிச் சிறு தீயில் வைக்கலாம். சூடான டின்னைத் தொடுவது பெரியவர்கள் வேலை. ஆறிய பின் மாம்பழத் துண்டுகளும், கொட்டை நீக்கிய முசாஃபர்பூர் லிச்சியும் மேலே அடுக்கலாம். அந்தப் பழங்களும் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டுத்தான்.

இன்னும் சில எச்சரிக்கைகள். பாத்திரம், கரண்டி, கத்தி எல்லாவற்றையும் முன்பே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாக்கெட்டின் பின்புறத்தை வாசியுங்கள். பால், முட்டை, கோதுமை, கொட்டைகள் கலந்திருந்தால் குறிப்பிட வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் விதி. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்தக் கேக் ஆகாது. "துளியூண்டுதானே, ஒன்றும் ஆகாது" என்று யாருடைய குழந்தைக்கும் ஊட்டிவிடாதீர்கள். இது சாப்பாட்டில் பிடிவாதமல்ல, உடம்பின் சமாச்சாரம்.

இந்த ஆண்டு பிறந்த நாளில் அந்தச் சிறுவன் முதலில் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவர் தலையசைத்த பிறகே தட்டைத் தொட்டான். பிறகு இன்னொரு துண்டு கேட்டான். என் மகள் தன் பங்கையே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

உங்கள் மாடியிலும் இப்படி ஒரு குழந்தை இருக்கலாம். இந்த விடுமுறையில் உங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பாருங்களேன்!