பூனையும் ஆள்காட்டிக் குஞ்சும்

வீட்டில் செல்லமாகப் பூனை வளர்க்கிறோம். பழவேற்காட்டுக்குப் பூநாரை வந்துவிட்டது என்றால் குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறோம். இந்த இரண்டு பாசமும் ஒத்துப்போகுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் பொட்டல் நிலத்தில் நடந்தால், சில சமயம் ஆள்காட்டிக் குருவி ஒன்று தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தும். கால் வைக்கும் இடத்தில் முட்டை இருக்கலாம், பார்த்து நடங்கள்! மரத்தில் அது கூடு கட்டாது. வெறுந்தரையில், கல்லோடு கல்லாகத்தான் முட்டையிடும். ஆபத்து வந்தால் குஞ்சு அசையாமல் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் இரவில் உலாவும் பூனையிடம் அந்த வித்தை எப்போதும் பலிப்பதில்லை.

வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும், அது பிறவிக்குணம். ஆனாலும் ஒரு நல்ல செய்தி. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், தானியம் கலக்காத, இறைச்சி நிறைந்த உணவு கொடுத்ததும், பூனைகள் வீட்டுக்குக் கவ்விவந்த இரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

ஆகவே, பால்சோற்றுக்குப் பதிலாக இறைச்சி நிறைந்த உணவாக வையுங்கள். பொழுது சாய்ந்ததும் பூனையை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள்.